செல்லாத நாள்

எங்கள் அத்தையின் மூஞ்சி ராசியில்லாத மூஞ்சியா என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். வைத்தவர் என் மாமா. கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, அவளைக் காப்பாற்றத்தான் வைத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் கடலை ஒட்டி இருந்தது எங்கள் குப்பம். வெள்ளைக்காரன் கப்பலேறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயசோ ஒன்பதோ இருக்கும். எங்களுக்கு ஒரு கட்டுமரம். அதில் பெரியப்பாவும் நைனாவும் போவார்கள். விடியும் முன் மரத்தைத் தண்ணீரில் தள்ளும்போது வீட்டுப் பொம்பளை ஒருத்தி கஞ்சிக் கலயத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். கலயத்தை வாங்கிய பிறகு ஆம்பளைகள் கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதாவது கலயம் கொடுக்கிறவள் மூஞ்சிதான் அவர்கள் கரையில் கடைசியாகப் பார்க்கிற மூஞ்சி. அன்றைக்கு வலையில் என்ன விழுகிறதோ அது அந்த மூஞ்சிக்குத்தான் விழுகிறது. இப்படி ஒரு வழக்கம். யார் ஆரம்பித்ததோ தெரியாது. நிச்சயம் ஒரு ஆம்பளைதான்.

அம்மாதான் கலயம் கொடுத்துவந்தாள். ஆடியில் தம்பி பிறந்தான். அம்மா எழுந்து நடக்க முடியாததால் அத்தை கொடுக்க ஆரம்பித்தாள். அத்தை நைனாவின் தங்கை. முகத்துவாரக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் குடித்துவிட்டு அடிப்பான். ஒருநாள் கொதிக்கிற குழம்புச் சட்டியைத் தூக்கி அடித்ததில் அவள் இடது கை தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோனது. அந்தக் கையோடு கரை வழியாகவே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை. காலையில் கரையில் மீன் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பாள். அவள் சாப்பாட்டை அவளே சம்பாதித்தாள். எங்கள் சாப்பாட்டிலும் பாதியை அவள்தான் சம்பாதித்தாள். இதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. மீன் குறைந்தது. அந்த வருஷம் கரை முழுக்கவே குறைவுதான். பக்கத்து மரத்துக்காரர்களும் காலி வலையோடுதான் வந்தார்கள். ஆனால் பக்கத்து மரத்துக்காரன் கூடையை எட்டிப் பார்க்கிற வழக்கம் பெரியப்பாவுக்குக் கிடையாது. அவருக்கு வேறு கணக்கு இருந்தது.

"இவ என்னிக்கி கலயத்த தொட்டாளோ, அன்னிக்கே கடல் மூடிக்கிச்சி" என்றார் ஒருநாள், வலையை மணலில் வீசிவிட்டு.

அத்தை சும்மா இருக்கிறவள் இல்லை. "ஆமாண்ணே, நாந்தான் கதவ சாத்திட்டு சாவிய இடுப்புல சொருகிக்கினு வந்தேன். வோணும்னா அவுத்துப் பாரு."

"வாய பாரு வாய. புருஷன் வூட்ல வாழத் துப்பில்ல."

"உன் தம்பி மரத்த தள்றப்ப நீ பின்னால நின்னுகினு பீடி புடிக்கிறியே, அது இன்னா துப்பு?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவுக்கு அவமானமாகிவிட்டது. அன்றே வீட்டில் வந்து உட்கார்ந்து, இவளை அவள் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும், இல்லாவிட்டால் நான் மரத்தில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மரம் அவர் பேரில் இருந்தது. நைனா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா முக்கியமான நேரத்தில் எல்லாம் வாசலைப் பார்ப்பார்.

அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். மாமா அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் நாலாவது பாரம் வரைக்கும் படித்த ஒரே ஆள். வடக்கே தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. குச்சிகளைப் பரிசோதிக்கிற இடத்தில் இருந்தார். புதிதாக ஒரு மருந்துக் கலவை வந்தால், பழைய மருந்தில் முக்கிய குச்சியையும் புதிய மருந்தில் முக்கிய குச்சியையும் மாற்றி மாற்றி உரசிப் பார்ப்பார்கள். எது நன்றாகப் பற்றுகிறது, எது புகைந்து அணைகிறது என்று கணக்கு வைப்பார்கள். இதுதான் மாமாவின் வேலை. வேலை என்று சொல்ல மாட்டார், சயின்ஸ் என்பார்.

"ராசி, மூஞ்சி எல்லாம் மூட நம்பிக்க" என்றார் பெரியப்பாவிடம். "நம்பிக்க வேற, நிரூபிக்கிறது வேற. நீங்க சொல்றது நெசம்னா நிரூபிச்சிக் காட்டணும்."

"இன்னாத்த நிரூபிக்கிறது மாப்ள? கூடயப் பாரு, காலியா கீது. அதான் நிரூபணம்."

"அப்டி இல்ல. எங்க அக்காவும் இப்ப எழுந்து நடக்குறாங்க. அவங்க குடுத்தா எவ்ளோ வருது, இவங்க குடுத்தா எவ்ளோ வருதுன்னு ரெண்டையும் பாக்கணும். ஒருநாள் அக்கா, ஒருநாள் இவங்க. மாத்தி மாத்தி. மரம் அதே மரம், வல அதே வல, ஆளும் அதே ஆளு. மூஞ்சி மட்டுந்தான் மாறும். அமாவாச, காத்து, மழ எல்லாம் ரெண்டு பேருக்கும் பொதுவா வந்துடும். கடசில கூட்டிப் பாப்போம். வித்தியாசம் இல்லன்னா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"வித்தியாசம் இருந்தா?"

மாமா யோசிக்கவே இல்லை. "இருந்தா நீங்க சொல்றபடி."

அத்தை அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா தொரை, நான் இன்னா உன் கம்பெனி தீக்குச்சியா? ஒரசிப் பாக்கப் போறியா?"

"உங்க நல்லதுக்குத்தாங்க்கா."

"பாத்து ஒரசு. பத்திக்கினா உன் மீச போய்டும்."

எல்லோரும் சிரித்தார்கள், பெரியப்பாவும் சிரித்தார். அத்தைக்கும் உள்ளே தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தன் மூஞ்சியால் மீன் ஓடாது என்று அவளுக்குத் தெரியும். ஓடாது என்றால் பரீட்சையில் ஜெயித்துவிடலாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

கணக்கு வைக்கிற பொறுப்பை மாமா எனக்குக் கொடுத்தார். இரண்டு பால் டப்பா. எந்த டப்பா யாருடையது என்று தெரிய நான் அடையாளம் வைத்தேன். அம்மா டப்பாவுக்குக் குங்குமம், அத்தை டப்பாவுக்கு அடுப்புக்கரி. மரம் கரை சேர்ந்ததும் ஒரு கூடை மீனுக்கு ஒரு கிளிஞ்சல். அன்றைக்கு யார் கலயம் கொடுத்தார்களோ அவர்கள் டப்பாவில் போட வேண்டும். மாமா வேலை முடிந்து வந்து எண்ணிப் பார்ப்பார். இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு அதற்கு முன்னால் யாரும் கொடுத்ததில்லை. பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

பரீட்சை ஒழுங்காகத்தான் நடந்தது. மாமா நேர்மையானவர். அத்தை முறை ஒன்றில் நல்ல மீன் விழுந்தது. கலயம் வாங்குகிற நேரத்தில் எதிரே பால்காரன் நிறைகுடத்தோடு போனான், அது அவன் ராசி, இந்த நாளைச் சேர்க்காதே என்று பெரியப்பா குதித்தார். மாமா ஒரே பேச்சாக முடியாது என்றுவிட்டார். கிளிஞ்சலை அவரே எடுத்துக் கரி டப்பாவில் போட்டார்.

அம்மா முறை ஒன்றில் வலை கிழிந்து காலியாக வந்தது. டால்பின் என்கிறார்களே, அந்த ஓங்கில் கூட்டம் புகுந்து கிழித்துவிட்டது என்றார்கள். மாமா கிழிசலைக் கையில் எடுத்துப் பார்த்தார். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே இந்த நாளைக் கணக்கில் சேர்ப்பது நியாயம் இல்லை என்று நீக்கினார். அதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அத்தை முறையில் காலியாக வந்த நாட்களுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும். அன்றைக்கெல்லாம் வலையை எடுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை. அந்த நாட்களுக்குத்தான் காரணம் முன்கூட்டியே தெரியுமே.

குங்கும டப்பா மெல்ல நிறைந்தது. கரி டப்பாவை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது, அவ்வளவுதான் அதில் இருந்தது. மாமாவுக்கு முகம் சுண்டத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், சரியாகிவிடும் என்றார். போகப் போக வித்தியாசம் கூடிக்கொண்டே போனது.

நானும் ஒன்று கவனித்து வைத்திருந்தேன். அத்தை கலயம் கொடுத்த நாட்களில் மரம் சீக்கிரம் திரும்பிவிடும். அம்மா கொடுத்த நாட்களில் கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதிய பிறகுதான் பாய் கண்ணுக்குத் தெரியும். அத்தை நாட்களில் அம்மா உலை வைக்கும்போதே வந்து நிற்பார்கள். மீன் இல்லை, அதனால் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவரும் தலையை ஆட்டி, "அதுவும் ஒரு அத்தாட்சிதான்" என்றார் வருத்தமாக.

ஐப்பசியில் ஒரு விடியல். விடாத மழை. அன்று அம்மா முறை. தம்பிக்கு ராத்திரியிலிருந்தே உடம்பு கொதித்தது, மடியை விட்டு இறக்கினால் வீறிட்டான். பெரியப்பாவும் நைனாவும் முன்னாலேயே கரைக்குப் போய் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை சட்டென்று கலயத்தை எடுத்தாள். கோணியை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டாள். மழையில் எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தான் போவார்கள், மூஞ்சி தெரியாது.

"ஐயோ, வோணாம்" என்றாள் அம்மா.

"கலயம் போவலன்னா மட்டும் உட்ருவானுங்களா? நீ புள்ளயப் பாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"நீயா? வாயத் தொறக்காமயா?"

"ஒரு நாளிக்கி தாங்குவேண்டி."

நானும் கூடப் போனேன். அத்தை கலயத்தை நீட்டினாள். நைனா வாங்கினார். பெரியப்பா கோணியைப் பார்த்து, "மவராசி, புள்ளக்கி உடம்பு எப்டி கீது?" என்றார். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். மரம் போய்விட்டது. திரும்பி வரும் வழி எல்லாம் அத்தை கோணிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அன்றைக்கு மரம் திரும்ப வெகுநேரம் ஆனது. சங்கு ஊதி ஓய்ந்தது. அம்மா பயந்துபோய் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கடைசியில் வந்தார்கள். வலை இழுக்க முடியாமல் பக்கத்து மரத்து ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. கவலை மீன், கூடை கூடையாக. அந்த மழைக்காலத்திலேயே அப்படி ஒருநாள் இல்லை. பெரியப்பா வீட்டுக்கு வந்து அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாத்தியாடா, மவராசி கை பட்ட கலயம்" என்றார் நைனாவிடம். "மழயா இருந்தா இன்னா, காத்தா இருந்தா இன்னா! இன்னும் கொஞ்சம் போலாம், இன்னும் கொஞ்சம் போலாம்னு நான் சொல்லிக்கினே இருந்தனா இல்லியா?"

அத்தை அந்தப் பக்கம் திரும்பி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிடப் போகிறதே என்று அம்மா என் தொடையைக் கிள்ளினாள். கிளிஞ்சல்களை நான் குங்கும டப்பாவில்தான் போட்டேன். வேறு எங்கே போடுவது? அன்று அம்மா முறை.

மாமாவுக்கு வார விடுமுறையான ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாக்களைக் கவிழ்த்தார்கள். பாயில் இரண்டு குவியல். எண்ணவே வேண்டியதில்லை. இருந்தாலும் மாமா எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

பெரியப்பா மீசையைத் தடவினார். "இன்னா மாப்ள, சயின்ஸ் இன்னா சொல்து?"

மாமா மூன்றாம் தடவை எண்ண ஆரம்பித்தார். எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தக் குங்குமக் குவியலில் பெரிய பங்கு அவளுடையது என்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்லிவிட்டேன். அன்றைக்கு மழையில் கோணி போட்டுக்கொண்டு நின்றது அம்மா இல்லை, அத்தை.

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். ஏமாத்துறீங்களாடி என்று கத்தினார். நைனா வாசலைப் பார்த்தார். மாமா கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததுபோல் இருந்தது, உடனே போய்விட்டது.

"அக்கா, நெசமா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

மாமா அன்றைய கிளிஞ்சல்களைக் குங்குமக் குவியலிலிருந்து எண்ணி எடுத்தார். கரிக் குவியலில் வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே வீசினார்.

"மொற தப்பிடுச்சி. ஒருத்தர் நாள்ல இன்னொருத்தர் நின்னிருக்காங்க. நிக்கிறது யாருன்னு மரத்துல போறவங்களுக்கே தெரியல. இத யாரு பேர்லயும் சேக்க முடியாது. அந்த நாள் செல்லாது."

"அப்ப அந்த மீனு யாரு மூஞ்சிக்கி வந்துச்சிடா?" என்றாள் அம்மா.

"அது தெரியாதுக்கா. தெரியாததாலதான் செல்லாது."

கம்பெனியில் கலவை மாறிப்போன குச்சித் தட்டை அப்படியே குப்பையில் கொட்டுவார்களாம். அதைத்தான் அவர் செய்தார். அதை எடுத்த பிறகும் குங்குமக் குவியல்தான் பெரிது.

நான் வளர்ந்து ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனேன். அங்கே ஒரு வார்டில் புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது. ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன். தெரிந்தால் மனசு வேலை செய்யும், கணக்கு கெட்டுவிடும் என்றாள் ஒரு நர்ஸ். கையில் வைத்திருந்த பெட்பேனை அப்படியே கீழே வைத்துவிட்டு நின்றேன்.

தீக்குச்சிக்குத் தன்னை எந்த மருந்தில் முக்கினார்கள் என்று தெரியாது. பெரியப்பாவுக்குக் கலயம் கொடுத்தது யார் என்று தெரியும். மாமா மரத்தை ஒன்றாக வைத்தார், வலையை ஒன்றாக வைத்தார், காற்றையும் மழையையும் பங்கு போட்டுக் கொடுத்தார். மரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கும் கண் இருந்ததை மறந்துவிட்டார். நைனா சாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். "உன் அத்த குடுத்த நாள்ல நாங்க எங்க தூரமா போனோம்? காலியாத்தான் வரப்போவுதுன்னு தெரியும். எதுக்குத் துடுப்பு வலிக்கணும்? கரையோரமாவே வலையப் போட்டுட்டு வந்துடுவோம்." இதைத் தப்பு என்று நினைத்து அவர் சொல்லவில்லை. யாரும் செய்கிறதுதானே என்பதுபோலச் சொல்லிவிட்டு வெற்றிலைக்குக் கையை நீட்டினார்.

ஆக, அந்தப் பரீட்சையில் பரீட்சை என்று சொல்லத்தக்கது ஒரே ஒரு நாள்தான் நடந்தது. அதைத்தான் ஜன்னல் வழியாக வீசினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அத்தை மாமாவைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"நீ நம்புறியா தம்பி?"

தொரை என்று கூப்பிடவில்லை. மாமா கண் கலங்கிவிட்டார்.

"நான் நம்புறது முக்கியம் இல்லக்கா. கணக்கு அப்டி வருது. நான் இன்னா பண்ணட்டும்?"

பெரியப்பா என்ன சொன்னாலும் அத்தை இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கரையில் நூறு பேர் நடுவில் நின்று கொடுத்திருக்கிறாள். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவளை மூதேவி என்று ஒரு முரடன் சொன்னால் சண்டை போடலாம். அவளுக்காகப் பேச வந்தவன் அழுதுகொண்டே சொன்னால் என்ன செய்வாள்? பேசாமல் இருந்ததால் ஒப்புக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதுதான் நியாயம்.

அவள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு மீன் எப்படி விழுந்தது என்று கேட்பீர்கள். சில நாள் விழுந்தது, சில நாள் விழவில்லை. யாரும் கிளிஞ்சல் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் நைனா அவளைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அத்தை இரண்டு புடவையை மடித்துத் துணியில் வைத்து முடிந்தாள். மடிக்கும்போது இடது கை சரியாக மடங்கவில்லை, நான்தான் முந்தானை ஓரத்தைப் பிடித்துக்கொடுத்தேன். அம்மா அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் இந்த வீடே இப்படி உம்மென்று இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இனிமேல்தான் நல்ல காலம் என்று எல்லோருமாகச் சேர்ந்து கண்டுபிடித்துவிட்டார்களே.

"அத்த, நீ போய்ட்டா நம்ப வல தெனம் ரொம்பிடும் இல்ல?" என்று கேட்டேன். சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

அவள் முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். பிறகு என் கன்னத்தைத் தொட்டாள்.

"ரொம்பிடும் கண்ணு. ரொம்பிடும்."

அவளுக்கும் அதில் சந்தோஷம்தான் என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.